எல்லோரிடமும் சரி என்றவர்

பாஸ்கல் கல்லூரிக்குப் பிசிகல் டைரக்டராக வந்தபோது, அவர் மனைவி இருதயம்மாள் டைபாய்டில் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வேலைக்கு மனுப் போடச் சொல்லி நச்சரித்தவளே அவள்தான்.

துறைமுக அணிக்குப் பல வருஷம் கால்பந்து ஆடியவர் என்பதால் ராயபுரம் முழுக்க அவரைத் தெரியும். வரவேற்புக் கூட்டத்தில் மாலை போட்டார்கள். பிரின்சிபால், இந்த வருஷம் ஜில்லா கேடயம் நம் கல்லூரிக்கு வந்தே ஆகவேண்டும் என்றார். பாஸ்கல் சரி என்றார். கமிட்டி மெம்பர் ஆறுமுகநயினார் தண்டையார்ப்பேட்டையில் வெல்ல மண்டி வைத்திருப்பவர். விளையாட்டு மைதானம் அவர் கொடுத்ததுதான். அவர் தனியாக அழைத்துப்போய், தம் மகன் சிவந்தியைக் கேப்டனாகப் பார்க்க வேண்டும் என்றார். அதற்கும் சரி. வெளியே வந்ததும் மாணவர்கள் சூழ்ந்துகொண்டு, போன வருஷக் கேப்டன் அலி அக்பரையே வைக்கச் சொன்னார்கள். அதற்கும் தலையாட்டினார்.

துக்க வீட்டிலும் இப்படித்தான். சவப்பெட்டி எது, பூசை எப்போது என்று யார் எதைக் கேட்டாலும் சரி என்றார். சரி என்றால் விட்டுவிடுகிறார்கள் என்பது மட்டும் அவருக்குப் புரிந்திருந்தது.

பயிற்சியின் முதல் நாளே கேப்டன்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் அணியை நிறுத்தப் பார்த்தார்கள். வாய்ச்சண்டை கைகலப்பானது. சிவந்தியின் உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். பாஸ்கல் விசிலை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டே நின்றார். ஊதத் தோன்றவில்லை. மற்ற மாணவர்கள்தான் விலக்கிவிட்டார்கள்.

சாயங்காலம் அலி அக்பர் வீடு தேடி வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"என் கையிலயும் சரின்னீங்கோ, சிவந்தி நைனா கையிலயும் சரின்னீங்கோ. இன்னா சார் இது?"



"யாரு இன்னா சொன்னாங்கன்னே காதுல ஏறலப்பா," என்றார் பாஸ்கல். "அவ போனதுலேர்ந்து இப்டித்தான் கீது."

அலி அக்பர் அணைந்து கிடந்த அடுப்பைப் பார்த்தான். வந்த கோபத்தை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"அத்த அன்னிக்கே சொல்லிக்கலாமே சார். சிவந்தியும் உங்க பேச்ச நம்பித்தானே வந்தான்."

மறுநாள் பாஸ்கல் மண்டிக்குப் போனார். உதட்டில் தையலோடு உட்கார்ந்திருந்த சிவந்தியிடம் முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு அவன் தகப்பனிடம், அலி அக்பர்தான் கேப்டன் என்றார்.

"எங்கிட்ட சரின்னு சொன்னது நீங்கதானய்யா?" என்று ஆறுமுகநயினார் கேட்டார்.

"ஆமாங்க. அன்னிக்கி எல்லார் கையிலயும் சொன்னேன்."

அதற்கு மேல் விளக்க அவரிடம் தெம்பில்லை. அன்று பிற்பகலே மைதானத்துக் கேட்டில் ஆறுமுகநயினாரின் பூட்டு தொங்கியது. பிரின்சிபால் கூப்பிட்டுக் கத்தினார். பாஸ்கல் கேட்டுக்கொண்டார், உறைக்கவில்லை. பயிற்சியைக் காசிமேட்டுக் கடற்கரைக்கு மாற்றினார். மீன் கூடைகளுக்கும் காயும் வலைகளுக்கும் நடுவே, கால் புதையும் மணலில் ஓடினார்கள். ஒரு வாரம் கழித்துச் சிவந்தியும் வந்து நின்றான். வீட்டில் என்ன சொன்னான் என்று யாரும் கேட்கவில்லை. அலி அக்பர் பந்தை அவன் பக்கம் தட்டிவிட்டான்.

ஜில்லா போட்டியில் முதல் ஆட்டத்தில் தப்பித்தார்கள். இரண்டாவதில் நான்கு கோல் வாங்கித் தோற்றார்கள். பிரின்சிபால் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

தோற்ற அணி புல்லில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது. ஏதாவது சொல்லுவார் என்று எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவருக்குள் ஆறுதலும் இல்லை, ஏச்சும் இல்லை. அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்தார். சிவந்தி அழுதுகொண்டிருந்தான். பாஸ்கல் தன் துண்டை அவனிடம் கொடுத்தார். தனக்கு அழ வரவில்லையே என்று ஒரு கணம் தோன்றியது. அதுவும் பெரிதாக வலிக்கவில்லை.

இருட்டும் முன் எல்லோரும் டிராம் ஏறினார்கள். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்தபடி ராயபுரம் வரை நின்றுகொண்டே வந்தார்கள்.