முன்வரிசை நாற்காலி

திருச்சியில் நாடகம் பார்த்துவிட்டு நாலு வரி உருப்படியாக எழுதத் தெரிந்த ஆள் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் சவரிராயன். விடாமல் நாடகம் போடுகிற ஆளும் அவர்தான். கேட்பதற்குப் பெருமையாக இருக்கும். அனுபவிக்கிறவருக்குத்தான் அதன் லட்சணம் தெரியும்.

பதினேழு வருஷமாக ஒரு நாளிதழின் திருச்சிப் பதிப்பில் திங்கட்கிழமைக் கலைப் பக்கத்துக்கு எழுதிவருகிறார். உறையூரில் கச்சேரி, காலேஜ் பையன்களின் தெருநாடகம், பள்ளி ஆண்டுவிழா என்று எதையும் விட்டதில்லை. மிச்ச நேரத்தில் ஸ்ரீரங்கம் கீழ அடையவளஞ்சான் தெருவில், மூடிப்போன டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில் நாடகம் போடுகிறார். அங்கே நாற்பது நாற்காலிதான் போட முடியும் என்பதால் குழுவுக்கே 'நாற்பது நாற்காலி' என்று பெயர் வைத்துவிட்டார். இதுவரை பதினோரு நாடகங்கள் போட்டாகிவிட்டது. ஒன்றைப் பற்றிக்கூட எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி வந்ததில்லை. தன் நாடகத்தைப் பற்றித் தானே எழுதக் கூடாது என்பது பத்திரிகையின் விதி. நியாயமான விதிதான். ஆனால் அவரை விட்டால் எழுத ஆள் இல்லையே, எங்கே போய் முட்டிக்கொள்வது?

திருவானைக்காவலில் நாட்டியப் பள்ளி நடத்தும் பானு, சவரிராயன் எழுதியதையெல்லாம் கத்தரித்து ஒட்டிக் காட்டியே சிங்கப்பூர் வரை போய் ஆடிவிட்டு வந்தார். நேற்று முளைத்த குழுக்கள்கூட அவர் வரிகளைத் தூக்கிக்கொண்டு டெல்லி போய் வந்தன. ஊருக்கெல்லாம் பந்தி பரிமாறிவிட்டுத் தான் மட்டும் பட்டினி கிடப்பது போல அவருக்கு வயிறு எரிந்தது.

இந்த வருஷம் பொறுக்க முடியவில்லை. சென்னையில் ஓர் அறக்கட்டளை சிறு நாடகக் குழுக்களை எட்டு ஊர்களுக்கு அழைத்துப்போகிறது. விண்ணப்பத்தோடு, நாடகத்தைப் பற்றி வேறொருவர் எழுதி அச்சில் வந்த விமர்சனம் ஒன்றாவது வேண்டும். கடைசி நாள் திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி. இதை விட்டால் குழுவே இருக்காது. முக்கிய வேஷம் கட்டும் ஜோதி கணவரின் மாற்றலோடு ஓசூர் போகிறாள். காத்தமுத்து, அரியமங்கலம் லேத் பட்டறையில் ஒத்திகைக்கு லீவு கேட்டுக் கேட்டு முதலாளியிடம் மூஞ்சியே காட்ட முடியாமல் இருக்கிறான்.

கடைசியில் மன்சூரிடம் போய் நின்றார். அதே பத்திரிகையில் விபத்தும் திருட்டும் எழுதுகிறவர்.

"எனக்கு நாடகம்லாம் தெரியாதே சார்."

"பாத்தத எழுதுங்க மன்சூர். திட்டி எழுதுனாலும் சரி. அச்சுல வந்தாப் போதும்."

சனிக்கிழமை மாலை மன்சூர் வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆட்டம் தொடங்கிய நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டார். ஓர் அலுவலக பெஞ்சில் டோக்கனோடு காத்திருக்கும் பெண்ணின் கதை அது. பாதிக்கு மேல் அவர் நோட்டைத் திறக்கவே இல்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சவரிராயன் நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை கடை வாசலிலேயே பேப்பரைப் பிரித்தார். வந்திருந்தது! முக்கால் பக்கம், படத்தோடு. 'சனிக்கிழமை மாலை 6.40 மணியளவில்' என்று விபத்துச் செய்தி மாதிரியே ஆரம்பித்திருந்தது. கடைசிக் கால் மணி நேரம் தேவையில்லை, இயக்குநருக்குப் பார்க்கிறவர்கள் மேல் நம்பிக்கை போதவில்லை என்று ஒரு குட்டும் இருந்தது. அது உண்மை என்று ஒத்திகையிலேயே அவருக்குத் தெரியும். அப்புறம் இந்த வரிகள்:

'ஜோதி (34) அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, விபத்து நடந்த வீடுகளில் கதவோரம் நிற்கும் பெண்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பெயரும் வயதும் மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.'

சவரிராயன் அதை மூன்று முறை படித்தார். பதினேழு வருஷத்தில் தான் இப்படி ஒரு வரி எழுதியதில்லை என்று தோன்றியது. கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் தலைப்புக்குக் கீழே பார்த்தார்.

'சவரிராயன்' என்று இருந்தது.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து நேரே ஆபீசுக்குப் போனார். கலைப் பக்கத்தை வடிவமைக்கும் ஜெய்சங்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தப் பக்கத்துல உங்க பேரு எப்பவும் அப்படியே நிக்கும் சார். மேட்டர மட்டும்தான் மாத்துவேன். பதினேழு வருஷப் பழக்கம், கை அப்படியே போயிடுச்சு. நாளைக்கு ரெண்டு வரி திருத்தம் போட்டுடறேன்."

"நாளைக்கு எதுக்குய்யா? என் கருமாதிக்கா?"

சென்னைக்குப் போன் செய்தார். எடுத்த பெண் பொறுமையாகத்தான் கேட்டாள். "புரியுது சார். ஆனா அச்சுல இருக்கறதத்தான் நாங்க பாக்க முடியும். உங்க நாடகத்துக்கு நீங்களே எழுதின மாதிரில்ல இருக்கு?"

அதற்குள் ஊரே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பில் ஒருவர், 'தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளும் வித்தை' என்று போட்டிருந்தார். இன்னொருவர், 'சார் எப்ப விபத்து வீட்டுக்கெல்லாம் போனீங்க?' என்று கேட்டிருந்தார். மானம் போனது போதாதென்று, ஜோதி வேறு, "சார், அனுப்பிட்டீங்களா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

ஆபீஸ் எதிரே டீக்கடையில் மன்சூர் நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் சவரிராயனுக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டியது. தலையெழுத்து என்றார், வாயில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டான் ஜெய்சங்கர் என்றார், பதினோரு நாடகம் என்றார். மன்சூர் டீயை ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"காலைல எம் வீட்டுக்காரி ஆரிஃபாவ எழுப்பி பேப்பரக் காட்டுனேன் சார்," என்றார் மெதுவாக. "எங்கங்க உங்க பேருன்னு கேட்டா. ஆக்ஸிடென்ட் நியூசுக்கு யாரு பேரு போடுவாங்க? இந்த வேலைக்கு வந்து பதிமூணு வருஷத்துல, பேரோட வர வேண்டிய மொத மேட்டரு அது."

 காலையிலிருந்து இதைச் சவரிராயன் ஒரு நொடிகூட நினைக்கவில்லை.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?" என்றார் மன்சூர். "அந்தப் பக்கத்துல நீங்க இருக்கற வரைக்கும், உங்க நாடகத்தப் பத்தி எவன் எழுதுனாலும் உங்க பேருதான் சார் வரும்."

"அப்ப நான் எழுதறத விட்டுடணுமா?" சுள்ளென்று கேட்டுவிட்டார்.

மன்சூர் டம்ளரை வைத்துவிட்டு, அரியமங்கலத்தில் லாரி கவிழ்ந்துவிட்டதாகச் சொல்லி வண்டியை எடுத்தார்.

சவரிராயன் அங்கேயே நின்றார். விட்டிருக்கலாம். இரண்டாவது நாடகத்தின்போதே விட்டிருக்கலாம். அந்த இடம் காலியானால் யாராவது வந்து உட்கார்ந்திருப்பார்கள், தட்டுத்தடுமாறியாவது எழுதியிருப்பார்கள். எழுத ஆளில்லை, ஆளில்லை என்று ஊரெல்லாம் புலம்பினாரே, அந்த ஆளை வரவிடாமல் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்? வாசலில் வரவேற்பதும், முன்வரிசையில் உட்கார வைப்பதும், சார் என்ன எழுதுவாரோ என்று ஊர் பயப்படுவதும் அவருக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. 

மணி ஐந்தடித்தபோது விண்ணப்பம் பைக்குள்ளேயே இருந்தது. ஜோதிக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நாட்டியப் பள்ளி பானு.

"சார், ஆறரைக்கு ஆரம்பிச்சுடுவோம். மொத வரிசையில உங்களுக்கு சேர் போட்டாச்சு. வேற யாரும் உக்காந்துடக் கூடாதுன்னு பேரு எழுதி ஒட்டி வச்சிருக்கோம். வந்துடுங்க."

வழக்கமாக இதற்கு ஒரு சிரிப்பு சிரிப்பார். இன்று சிரிப்பு வரவில்லை.

"நான் வரலம்மா. அந்தப் பேரக் கிழிச்சுட்டு, மன்சூர்னு எழுதி ஒட்டுங்க."