பூச்சி தொடாத சுரைக்காய்

தையல்காரியின் கணவருக்கு அக்கம்பக்கத்தில் ‘கஷாயம்’ என்று பட்டப்பெயர். யார் தும்மினாலும் மருந்து சொல்லாமல் விடமாட்டார். யார் என்ன சொன்னாலும் காதில் வாங்கவும் மாட்டார்.

அன்று மொட்டைமாடியிலிருந்து ஒரு சுரைக்காயைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

“பாத்தியா, ஒரு பூச்சிகூட வாய் வைக்கல. மருந்தே அடிக்காம விளைஞ்சது.”

கோடை முழுக்கத் தண்ணீர் காணாமல் வாடிக் கிடந்த கொடி அது. பச்சையாகவே அரைத்து மூன்று டம்ளரில் ஊற்றினார். தையல்காரி ஒரு வாய் வைத்ததுமே துப்பினாள்.

“என்னங்க, இது சாதாரணக் கசப்பில்ல. குடிக்காதீங்க.”

“கசப்புதான் உடம்புக்கு நல்லது. உனக்கென்ன தெரியும்?”

மகள் அப்பாவுக்குப் பயந்து டம்ளரை உதடு வரை கொண்டுபோய்விட்டாள். தையல்காரி அதைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டினாள். அவ்வளவுதான், மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தன் டம்ளரை மடக்கென்று குடித்தார். மனைவி மிச்சம் வைத்ததையும் எடுத்துக் குடித்தார். பெண்டாட்டி சொல்லி நிறுத்துவதைவிட விஷம் குடிப்பதே கௌரவம் என்று நினைக்கிற ரகம்.

நிஜமாகவே விஷத்தைத்தான் குடித்திருந்தார். கொஞ்ச நேரத்தில் வாந்தி, அதில் ரத்தம். அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

“அந்தக் கசப்பே விஷம்மா,” என்றார் டாக்டர். “தன்னைத் தின்ன வர்றதை விரட்டத்தான் கொடி அதை வச்சிருக்கு. தண்ணியில்லாம வாடினா சில காய்ல ரொம்ப ஏறிடும். பல பூச்சி கிட்டயே வராது.”

செடி சொன்னது பூச்சிக்குக்கூடப் புரிந்திருக்கிறது. இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவள் சொன்னது இந்த மனிதருக்குப் புரியவில்லை. மகள் அதைக் குடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க நினைக்கத் தையல்காரிக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். மறுநாள் நாத்தனார் பார்க்க வந்தாள். அண்ணன்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“இவ அழுத்திச் சொல்லியிருந்தா நான் குடிச்சிருப்பேனா? ஏதோ முணுமுணுத்தா.”

“ஏன் அண்ணி, கையைப் பிடிச்சுத் தடுத்திருக்கக் கூடாதா?”

அந்த நேரம் நர்ஸ் பழச்சாறு கொண்டுவந்து வைத்தாள். அவர் டம்ளரை எடுத்து மோந்து பார்த்தார், தயங்கினார், மகளிடம் நீட்டினார்.

“நீ ஒரு வாய் குடிச்சுப் பாரும்மா. கசக்குதான்னு சொல்லு.”

மகள் கையிலிருந்து இரண்டாம் முறையாக டம்ளரைப் பிடுங்கினாள் தையல்காரி. இந்தத் தடவை கொட்டவில்லை. அவர் கையிலேயே திணித்தாள்.

“என் நாக்கு சொன்னப்ப நீங்க கேக்கல. இனி உங்க நாக்குலயே வச்சுப் பாருங்க.”