மாதா பேரில் ஒரு சீட்டு

இத்தாலியில் எந்த ஊரில் தங்குவது என்று முடிவு செய்ய மூன்று டீச்சர்களுக்கு நாலு மாதம் பிடித்தது. அரியலூர் பள்ளியில் வருஷா வருஷம் கால அட்டவணையை அரை மணி நேரத்தில் போட்டு ஒட்டியவர்கள்தான். ரிட்டயர் ஆனால் புத்தி மெதுவாகிவிடுமோ என்னவோ.

மூவரில் மூத்தவள் அற்புதம்மாள், ஏலாக்குறிச்சிக்காரி. அவளுடைய தங்கை மகன் லியோ பிரபு மிலானில் வேலை பார்க்கிறான்.

"ஊர் ஊரா பெட்டியத் தூக்கிட்டு அலையாதீங்க பெரியம்மா. ஒரே எடத்துல வூடு எடுத்து பத்து நாள் நிம்மதியா இருங்க. தோணுன அன்னிக்கு ரயில் ஏறிப் போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்று சொல்லி இரண்டு வீடுகளின் படம் அனுப்பினான். ஒன்று வடக்கே ஏரிக்கரையில். தரைத்தளம், வாசலில் நாற்காலி, எதிரே தண்ணீர். இன்னொன்று ரோமில் நாலாவது மாடி, பேதுரு பேராலயத்துக்கு நடக்கிற தூரம்.

உடையார்பாளையத்து ஜெகதாம்பாளுக்கு ஏரிக்கரைதான். அவள் வீட்டுக்காரர் வாதம் வந்து ஆறு வருஷம் படுக்கையில் கிடந்து போன தையில்தான் காலமானார். அந்த ஆறு வருஷமும் புரட்டிப் படுக்க வைத்து, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டது அவள் ஒருத்திதான். முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன.

"எனக்கு எதையும் பாக்க வேணாம்டி அற்புதம்" என்றாள். "ஒரு எடத்துல உக்காரணும். யாராவது காபி கொண்டாந்து கையில குடுக்கணும். அவ்வளவுதான்."

மூன்றாமவள் கவிதா, எங்கே போனாலும் போட்டோ எடுத்தால் போதும் என்கிற ரகம். அவளை விடுங்கள்.

அற்புதத்துக்கு ரோம் வேண்டும். கேட்டால் பக்தி என்பாள். பக்தி இல்லாமலில்லை. ஆனால் பெரிய காரணம் அவள் வாய். டிக்கெட் போடும் முன்பே ஊர் முழுக்க "ரோமாபுரிக்குப் போறேன், பத்து நாள்" என்று சொல்லி வைத்துவிட்டாள். மாதா சபைப் பெண்கள் மந்திரித்து வாங்கிவரச் சொல்லி முப்பது ஜெபமாலை கொடுத்திருந்தார்கள். ஏரிக்கரையில் இருந்தபடியே ரோமுக்கு ஒரு நாள் போய் வரலாம் என்று லியோ சொல்லத்தான் செய்தான். ஒரு நாள் எட்டிப் பார்த்து வந்தவளுக்கு ஊரில் என்ன மரியாதை? அப்படித்தான் நினைத்தாள் அந்த மகராசி.

கடைசியில் ஜெகதாம்பாளே ஒரு வழி சொன்னாள். அற்புதத்தின் குடும்பத்தில் பெண் கொடுப்பதிலிருந்து போர்வெல் போடுவது வரை எதுவானாலும் ஊர்க் கோயில் அடைக்கல மாதா முன்னால் சீட்டுப் போட்டுத்தான் முடிவு. ஜெகதாம்பாள் வேறு சாமி கும்பிடுகிறவள் என்றாலும் அந்த மாதாவிடம் அவளுக்குத் தனி நம்பிக்கை. ஏழு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, அங்கே வேண்டிக்கொண்ட பிறகுதான் மகன் அறிவுச்செல்வன் பிறந்தான்.

"மாதா என்ன சொல்றாளோ அதுதான். நீயே எழுதி எடுத்துட்டு வந்துடு" என்றாள்.

அற்புதம் வீட்டில் உட்கார்ந்து இரண்டு சீட்டு எழுதினாள். இரண்டிலும் ரோம் என்று எழுதினாள். எழுதும்போது கை நடுங்கவில்லை. பின்னால் அவளுக்கு ஆறாமல் போனது அதுதான்.

ஞாயிறு பூசை முடிந்து, பீடத்தின் முன்னால் ஜெகதாம்பாள் கண்ணை மூடிக் கும்பிட்டுத் தன் கையால் ஒன்றை எடுத்தாள். பிரித்துப் படித்தாள். முகம் ஒரு நிமிஷம் வாடியது. "சரி, அவளே சொல்லிட்டா" என்று சிரித்தாள். மிஞ்சிய சீட்டை அற்புதம் மெழுகுவர்த்தியில் காட்டிக் கொளுத்திவிட்டாள்.

ரோமில் மூன்றாம் நாள் லிப்ட் நின்றுபோனது. கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். இவர்கள் ஊர் திரும்பும்வரை அந்தத் தாளை யாரும் எடுக்கவில்லை. ஜெகதாம்பாள் ஒரு தடவை நாலு மாடி இறங்கி ஏறினாள். அதன்பிறகு முடியவில்லை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். அற்புதமும் கவிதாவும் காலையில் போனால் சாயங்காலம் வருவார்கள். வரும்போது ஜெகதாம்பாள் ரசம் வைத்து, சாதம் வடித்து, இருவருக்கும் காபி கலந்து தயாராக வைத்திருப்பாள்.

"நீங்க அலுத்து வரீங்க. நான் சும்மாதானே இருக்கேன்" என்பாள்.

அந்தக் காபியை அற்புதம் ஏழு நாள் குடித்தாள். ஏழு நாளும் சொல்லிவிட நினைத்தாள். சொல்லவில்லை, பாவி.

ஊருக்கு வந்து ஆறு மாதம் கழித்துப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னாள். அவர் மன்னிப்புக் கொடுத்துவிட்டு, "அவங்ககிட்ட சொல்லிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். மறுநாளே உடையார்பாளையத்துக்குப் பஸ் ஏறினாள்.

ஜெகதாம்பாள் வீட்டில் கட்டிலெல்லாம் மூட்டை. மகன் அறிவுச்செல்வன் வாசலில் காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"பெங்களூருக்கே போறேன்டி. மருமக சுவாதிக்கு ரெட்டைப் புள்ள, ஆளில்லாம திண்டாடுறா."

"உன் முட்டிய வச்சுக்கிட்டு ரெண்டு குழந்தையத் தூக்குவியா? இங்கயே இரு. அடுத்த வருஷம் அந்த ஏரிக்கரைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

"வேணாம்டி. முடியாதுன்னுதான் அறிவுகிட்ட சொல்ல இருந்தேன். அப்பறம் யோசிச்சேன். என் கையாலதானே சீட்டு எடுத்தேன். உனக்கு உக்காந்து சாப்புடற கொடுப்பினை இல்லன்னு மாதாவே சொன்னப்பறம் நான் என்ன ஆசப்படறது? சரின்னுட்டேன். மனசும் லேசாயிடுச்சு."



"மாதா சொல்லல ஜெகதா. ரெண்டு சீட்டுலயும் நான்தான் ரோம்னு எழுதுனேன்."

மடித்துக்கொண்டிருந்த புடவை ஜெகதாம்பாள் கையிலேயே நின்றது.

"ரெண்டுலயுமா?"

"ஆமா."

அவள் மூட்டைகளுக்கு நடுவே மெல்ல உட்கார்ந்தாள்.

"என்னைத் திட்டு. ரெண்டு அடி வேணும்னாலும் அடி" என்றாள் அற்புதம். "போகலன்னு மட்டும் சொல்லு. அறிவுகிட்ட நான் பேசறேன்."

"வூட்ட வாடகைக்கு விட்டாச்சு. நாளைக்குப் பால் காய்ச்சறாங்க." ஜெகதாம்பாள் புடவையை மடித்து முடித்துப் பையில் வைத்தாள். "மாதான்னு நெனச்ச வரைக்கும் தாங்கிக்கிட்டேன். நீயின்னு தெரிஞ்சப்பறம் எப்படித் தாங்கறது?"

அற்புதத்துக்கு அழுகைதான் வந்தது. அதைப் பார்க்கவும் ஜெகதாம்பாள் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிக் காரில் ஏறினாள்.

அற்புதம் ஓடிப்போய்க் கார் ஜன்னலருகே குனிந்து, "போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணு ஜெகதா" என்றாள்.

ஜெகதாம்பாள் எதிரே ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "நேரமாகுது. நீங்க கெளம்புங்க டீச்சர்."

முப்பத்தொரு வருஷப் பழக்கத்தில் அவள் அற்புதத்தை டீச்சர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.