சுபான்பேட்டை யார்டு

மூக்குக்கண்ணாடி ஒன்றின் காலுக்குத் திருகு மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் செல்வகுமாருக்கு அந்தச் செய்தி வந்தது. காட்பாடியில் அவருடைய கண்ணாடிக் கடை வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் ஓய்ந்து கிடக்கும். ஒரு கண்ணில் லென்ஸை வைத்தபடியே மறு கண்ணால் கைப்பேசியைப் பார்த்தார். 'யார்டு தோஸ்துங்க' குழுவில் ஆம்பூர் முனீர் அகமது எழுதியிருந்தார். 'சுபான்பேட்டை லேஅவுட் விற்பனைக்கு. எஞ்சின், பெட்டி, தண்டவாளம் எல்லாம் சேர்த்து. பெங்களூர்ல ஒருத்தர் கேட்டிருக்கார். நம்ம ஆளுங்க யாருக்காவது வேணும்னா முதல்ல சொல்லுங்க.' கீழே ஒரு படம், சற்று கலங்கலாக. கையிலிருந்த திருகு நழுவி மேசைக்கடியில் எங்கோ உருண்டது. செல்வகுமார் அதைத் தேடவில்லை.

சுபான்பேட்டை எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர். முனீர் பாய் வீட்டு மாடியில், முன்பு தோல் சாம்பிள்கள் அடுக்கி வைத்திருந்த நீண்ட அறையில், பலகைகள் மேல் பொம்மை ரயில் ஊராக அது இருந்தது. இளவயதில் தன் அப்பா அப்துல் சுபானோடு நின்று பார்த்த ஆம்பூர் கூட்ஸ் ஷெட்டையும், பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் ஜோலார்பேட்டை யார்டையும் மனசுக்குள் கலந்து, பாய் அதைக் கட்டியிருந்தார். வடக்கிலிருந்து உப்புப் போட்ட கச்சாத் தோல் வேகன் வேகனாக வந்து இறங்கிய காலம் அது. வேகன் கதவைத் திறந்தால் வரும் வாடையைப் பற்றி மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுவார்கள். பாய் அத்தரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். கூட்ஸ் ஷெட் வாசலில் நிஜ உப்பைத் தூவி ஒட்டியிருந்தார். மழைக்காலத்தில் அது கசியும். "அப்பவும் அப்டித்தான் கசியும்பா" என்று அதிலும் சந்தோஷப்படுவார்.

குழுவில் பத்துப் பதினைந்து பேர் இருந்தாலும் பெரும்பாலோர் படம் போடுவதோடு சரி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுபான்பேட்டையில் கூடியவர்கள் மூன்று பேர்தான். பாய், செல்வகுமார், பள்ளிகொண்டாவிலிருந்து வரும் பூங்குழலி. மூவரையும் சேர்த்தது ஒரே பைத்தியம். பலகையில் யார்டை ஒட்டிய ஸ்டேஷன் வழியாக வேகமாகச் சுற்றி ஓடும் எக்ஸ்பிரஸ்களில் மூவருக்கும் ஆசையில்லை. யார்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் போய்ப் பெட்டிகளைத் தள்ளி வைக்கும் ஷண்டிங் எஞ்சின்தான் வேண்டும். "எக்ஸ்பிரஸ் போய்ட்டே இருக்கும். பாத்தவன் மூஞ்சி அதுக்கு ஞாபகம் இருக்காது. ஷண்டிங் எஞ்சின் திரும்பி வரும்பா" என்பார் பாய்.

அவருடைய எஞ்சின் ஜெர்மனியில் வாங்கியது. தோல் கண்காட்சிக்குப் போன இடத்தில், தோல் வாங்கும் பார்ட்டியோடு சாப்பிடப் போகாமல், ஒரு பொம்மைக் கடை வாசலில் நின்று வாங்கினாராம். மூன்று அச்சுகள், சக்கரங்களைச் சேர்த்துப் பிடித்த கம்பி, நடுவில் எட்டிப் பார்க்கும் சின்ன அறை. ஜோலார்பேட்டையில் பார்த்த டபிள்யூ.டி.எஸ்-4 டீசல் ஷண்டிங் எஞ்சினுக்கு அது கூடப்பிறந்த மாதிரி இருந்ததால் நம்மூர் வண்ணம் அடித்து நம்பர் எழுதிவிட்டார். செல்வகுமாருடையது மீட்டர்கேஜ் நீராவி எஞ்சின். பள்ளிக்கூடம் விட்டதும் காட்பாடி மேம்பாலத்தில் நின்று அதன் புகைக்குள் முகத்தை நீட்டியவர் அவர். மீட்டர்கேஜ் எஞ்சினை அகலப் பாதையில் ஓட்டுவது மகா பாவம் என்று மற்ற இருவரும் ஒவ்வொரு முறையும் கேலி செய்வார்கள். நீராவியைக் கண்ணால் பார்க்காத வயசு பூங்குழலிக்கு. ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டும் வேலை. மிஞ்சிய இன்சோல் அட்டையில் நீள மூக்கு வைத்த ஷண்டிங் எஞ்சின் ஒன்றைத் தானே செய்து, பழைய மோட்டார் ஒன்றின் மேல் உட்கார வைத்திருந்தாள். "எரும மாதிரி இருக்குது" என்று பாய் சொன்னதிலிருந்து அதன் பேரே எருமைதான்.

மழைக்காலத்துக்குப் பிறகு கூட்டம் நடக்கவில்லை. ஒரு மாதம் விருந்தாளி என்றார் பாய், ஒரு மாதம் ஜுரம் என்றார், அப்புறம் எதுவுமே சொல்லவில்லை. கடைசியாகக் கூடிய நாளில் பாய் ஓட்டிய எஞ்சின் வேகன்களில் போய் இடித்து நாலைந்து கவிழ்ந்துவிட்டன. எல்லோரும் சிரித்தார்கள், பாயும்தான். அதைத் தவிர செல்வகுமாருக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. இப்போது கூப்பிட்டுப் பார்த்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பூங்குழலியைக் கூப்பிட்டார்.

"பாத்தேன் சார்" என்றாள் அவள். "எனக்கும் எடுக்கல. ஞாயித்துக்கெழம போயிடலாம். சொல்லாமலே போயிடலாம்."

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் ஸ்டேஷன் வாசலில் இருவரும் சந்தித்துக்கொண்டார்கள். அவள் கையில் எருமை இருந்த அட்டைப்பெட்டி. செல்வகுமாரும் தன் எஞ்சினைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்திருந்தார். எதற்கென்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. சந்துகளுக்குள் நடந்தபோது எங்கோ தம் போட்டிருந்த பிரியாணியின் மணமும் அதற்கடியில் எப்போதும் இருக்கும் தோல் வாடையும் சேர்ந்து வந்தன.

கதவைத் திறந்தது பாயின் மனைவி ஜஹீதா. செல்வகுமார் அவளை அண்ணி முறையில் பாபி என்பார். இவர்களைப் பார்த்ததும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வந்தீங்களே, நல்லாருப்பீங்க" என்றாள். "மேல இருக்கார். போங்க. நான் சாயா கொண்டு வர்றேன்."

பாய் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். வலது கை ஜிப்பா பையில் இருந்தது. எழுந்தார், ஆனால் எப்போதும்போலக் கட்டிப்பிடிக்கவில்லை. சுபான்பேட்டை மேல் ஒரு பழைய பெட்ஷீட் போர்த்தியிருந்தது.

"ஃபோன் பண்ணிட்டு வரக்கூடாதா தோஸ்த்?"

"நீங்க எடுத்தாத்தானே பாய்" என்றார் செல்வகுமார். "எங்க மேல எதுனா கோவமா?"

"சேச்சே. இன்னா கோவம். இடம் வேணும்பா. பேத்தி வர்றா, அவளுக்கு ரூம் வேணும்."

சாயாவோடு படியேறி வந்த ஜஹீதா காதில் அது விழுந்தது. "எந்தப் பேத்தி?" என்றாள். "துபாய்ல படிச்சிக்கினு இருக்கற பொண்ண இங்க இழுக்கறீங்க?"

அவள் ஆளுக்கொரு கோப்பை கொடுத்தாள். பாய்க்கு மட்டும் உயரமான டம்ளரில் பாதிக்கும் கீழே ஊற்றி, இடது கையில் கொடுத்தாள். பூங்குழலி அந்த டம்ளரையே பார்த்தாள். அப்புறம் ஜிப்பா பையைப் பார்த்தாள். பை துணிக்குள் ஏதோ சின்னப் பறவை மாட்டிக்கொண்டதுபோல ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது.

"எப்பத்திலேர்ந்து பாய்?" என்று கேட்டாள்.

பாய் சாயாவைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையை வெளியே எடுத்தார். போய்ப் பெட்ஷீட்டின் ஒரு முனையைத் தூக்கி, தன் ஜெர்மனி எஞ்சினை எடுத்துத் தண்டவாளத்தில் வைக்கப் பார்த்தார். சக்கரங்கள் தண்டவாளத்தில் பட்டுப் பட்டுத் தெறித்தன. அந்தச் சத்தம் மழை தகரத்தில் விழுவதுபோல அறை முழுக்கக் கேட்டது. ஒரு சக்கரம் உட்கார்ந்தால் இன்னொன்று இறங்கியது. செல்வகுமாரின் கை தன்னையறியாமல் முன்னால் போயிற்று. பூங்குழலி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பாய் எஞ்சினைப் பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டார்.

"பார்கின்சன்னு சொல்றாங்க. வேலூர்ல காட்டினோம். மாத்திரை சாப்பிட்டா கம்மியா இருக்குது, அப்புறம் ஜாஸ்தியாவுது." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அன்னிக்கு வேகனுங்க கவுந்துச்சே, ஞாபகம் இருக்குதா? வேகக் குமிழத் திருப்பணும்னு நெனச்சது கொஞ்சம். கை திருப்புனது ரொம்ப. நீங்கள்லாம் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். மெதுவா ஓட்ட முடியாதவனுக்கு யார்டு எதுக்குப்பா?"

செல்வகுமாரின் கடையில் எத்தனையோ பேர் கண்ணாடி போட்டும் தெரியவில்லை என்று வந்து நிற்பார்கள். அவர்களிடம் சொல்ல அவரிடம் சில வார்த்தைகள் உண்டு. அதெல்லாம் இங்கே வாய்க்கு வரவில்லை. தன் நீராவி எஞ்சினைப் பையிலிருந்து எடுக்கலாமா கூடாதா என்றுகூடத் தெரியாமல் நின்றார்.

பூங்குழலி அட்டைப்பெட்டியைத் திறந்தாள். பெட்ஷீட்டை முழுசாக விலக்கி மடித்து வைத்தாள். எருமையை யார்டுக்குள் வைத்து, "தோல் வேகன் மூணும் ஷெட்டுக்குப் போகணும்" என்றாள். "எந்த லைன்ல எடுத்துப் போறதுன்னு எனக்கு எப்பவும் கொழப்பம். நீங்க சொல்லுங்க பாய். சார் ஓட்டட்டும்."

"வேணாம்மா."

"நெஜ யார்டுல டிரைவரா பாத்து ஓட்றாரு? கீழ நிக்கறவர் கை காட்டுவாரு, அதப் பாத்து டிரைவர் ஓட்டுவாரு. அவ்ளோதானே?"

அதற்குள் செல்வகுமார் குமிழைப் பிடித்துவிட்டிருந்தார். எருமை கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் முதல் வேகனில் போய் முட்டியது. வேகன் கூட்ஸ் ஷெட் வரைக்கும் ஓடிப்போய் நின்றது.

"அரே! தோல் எறக்கப் போறியா, ஷெட்ட இடிக்கப் போறியா?" பாய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேசையோரம் வந்துவிட்டார். "பின்னால எடு. மெதுவா. மெதுவான்னா இது மெதுவா?"

இரண்டாவது முறையும் முட்டியது. செல்வகுமாருக்கு நீராவி எஞ்சினின் இழுவைதான் பழக்கம். எருமையின் மோட்டார் தொட்டாலே துள்ளியது. அப்போதுதான் வாசலோரம் நின்றிருந்த ஜஹீதா சாயாத் தட்டைக் கீழே வைத்தாள்.

"குடுங்க" என்றாள்.

திருமணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அந்த அறையில் பெருக்கியிருக்கிறாள், சாயா கொடுத்திருக்கிறாள், கீழே சமையலறையிலிருந்து தலைக்கு மேல் ஓடும் சக்கரச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். குமிழைத் தொட்டதில்லை. இப்போது அதை இரண்டு விரல்களால் பிடித்தாள். பால் பொங்கி வரும் நேரத்தில் அடுப்பைச் சன்னமாக்குகிற பிடி அது. எருமை நகர்ந்ததா இல்லையா என்று சந்தேகமாக இருந்தது. அப்புறம் நகர்ந்திருப்பது தெரிந்தது.

பாய் வலது கையை நீட்டினார். நீட்டிய கை நடுங்கியது. நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை. "ஹல்லு" என்றார். அந்த வீட்டு உருதுவில் மெதுவாக என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள். "ஹல்லு… ஹல்லு…"

ஜஹீதா அவர் விரல்களைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தாள். தோள் தாழ்ந்தபோது குமிழைத் தாழ்த்தினாள், முழங்கை மடங்கியபோது நிறுத்தினாள். எருமையின் மூக்கு வேகனைத் தொட்டது. சத்தமே வரவில்லை. கொக்கி மட்டும் மெல்ல ஏறி உட்கார்ந்தது.

"பாபி, இன்னா இது!" என்றார் செல்வகுமார்.

"மேல டக்குனு சத்தம் வந்தா இன்னிக்கு இவரு பேஜார்ல இருக்கார்னு தெரியும்" என்றாள் ஜஹீதா குமிழிலிருந்து கண்ணை எடுக்காமல். "சத்தமே இல்லன்னா சாயா கொண்டு போலாம்."

மூன்று வேகன்களும் ஷெட்டுக்குப் போயின. அப்புறம் அவற்றைத் திரும்பவும் எடுத்து வேறு பாதையில் வைத்தார்கள். அப்புறம் ஜெர்மனி எஞ்சினைப் பூங்குழலி தண்டவாளத்தில் ஏற்ற, பாய் கை காட்ட, ஜஹீதா ஓட்டினாள். மீட்டர்கேஜ் எஞ்சின் வந்ததும் பாய் வழக்கம்போல, "இந்தப் பாவத்துக்கு நான் கை காட்ட மாட்டேன்" என்றார்; ஆனால் காட்டினார். பேச்சு எங்கெங்கோ போயிற்று. மழையில் நனைந்த தோல் மூட்டைகளைச் சுமந்த ஆட்கள், யார்டு விளக்கு, வேகன் மேல் நடந்து போகும் மனிதர்கள், அப்பா அப்துல் சுபான் பாயின் தோள்மேல் கைபோட்டு, 'எஞ்சின பாக்காத, கை காட்டறவன பாரு' என்று சொன்னது. இதுவரைக்கும் இதைச் சொன்னதே இல்லையே என்று செல்வகுமார் நினைத்துக்கொண்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெங்களூர்க்காரர் கூப்பிட்டார். பாய் ஸ்பீக்கரில் போட்டார். வரும் சனிக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வருவதாக அவர் உருதுவில் சொல்ல, அறையில் எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். "வாங்க" என்றார் பாய். "ஆனா யார்டு கிடையாது. சுத்தி ஓட்ற லைனும் ஸ்டேஷனும் மட்டும். எக்ஸ்பிரஸ் எல்லாம் எடுத்துக்குங்க." பையனுக்குச் சுற்றி ஓட்டத்தான் வேண்டும், யார்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது, பரவாயில்லை என்றார் பெங்களூர்க்காரர்.

"வார்த்த குடுத்துட்டேன்பா" என்றார் பாய், மன்னிப்புக் கேட்பதுபோல. "எல்லாத்தையும் வெச்சிக்க என்னால முடியாது. துடைக்கணும், பாக்கணும். இவ்ளோ போதும்."

தெரு முனைத் தச்சுக் கடையிலிருந்து செல்வகுமார் ரம்பம் வாங்கி வந்தார். தண்டவாளத்தைப் பூங்குழலி ஆக்ஸா பிளேடால் தனியாக அறுத்தாள். பலகையைச் செல்வகுமார் அறுத்தார். ஸ்டேஷனுக்கும் யார்டுக்கும் நடுவே, சின்ன வேப்பமரம் ஒன்று ஒட்டியிருந்த இடத்தில், ரம்பம் இறங்கியது. பாய் பக்கத்திலேயே நின்று பார்த்தார். ஒரு தடவை கூட வேறு பக்கம் திரும்பவில்லை. பலகை பிரிந்தபோது இரண்டு பக்கமும் தண்டவாளங்கள் காற்றில் நீட்டிக்கொண்டு நின்றன.

மரத்தூள் யார்டு முழுக்க இறங்கியிருந்தது. ஷெட் கூரையில், வேகன்களில், தண்டவாளங்களுக்கு நடுவே நிற்கும் நகம் உயரப் பொம்மை மனிதர்களின் தலையில். ஜஹீதா முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து மெல்ல ஊதினாள். தூள் எழுந்து ஜன்னல் வெயிலில் மிதந்தது. கொடி பிடித்து நின்ற ஒரு மனிதன் அந்தக் காற்றில் சாய்ந்து பாதையின் குறுக்கே விழுந்தான்.

பூங்குழலி எடுக்கப் போனாள். அதற்குள் பாயின் கை நீண்டிருந்தது. இரண்டு விரல்களுக்கு நடுவே அந்தச் சின்ன மனிதன் வந்தான், நழுவினான், மறுபடி வந்தான். பாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனைத் தண்டவாளத்தோரம் இறக்கினார். நடுங்கும் விரல்களுக்குள் அவனுடைய சிவப்புக் கொடி விடாமல் அசைந்துகொண்டிருந்தது. மற்ற மூவரும் மேசையைச் சுற்றி அசையாமல் நின்றார்கள்.