காலிக் களஞ்சியம்

"சரணடைஞ்சிடுங்க அண்ணி. மரியாதையா நடத்துவேன்" என்று சொல்லிவிட்டுக் கொழுந்தன் கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தான். இருவருக்கும் ஒரே கணினி என்பதால், ஒருவர் காய் நகர்த்தும்போது மற்றவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். திரையில் பழைய ஜப்பான் விரிந்து கிடந்தது. கடலோரம் முழுக்க அவனுடைய சிவப்புக் கொடிகள். மலைமேல் நீலக் கொடி பறந்த இரண்டே கோட்டைகள் அவளுடையவை.

அவள் வலது கையை மவுஸின்மேல் தூக்கி வைத்தாள். பக்கவாதம் வந்து ஏழு மாதம். விரல்களுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று மகள்தான் இந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்திருந்தாள். கைகூடச் சொன்ன பேச்சைக் கொஞ்சம் கேட்க ஆரம்பித்துவிட்டது, வீட்டார்தான் கேட்பதில்லை. அவள் ஒரு சொல்லைத் தேடி வாய் திறப்பதற்குள், "தண்ணியா? ஃபேன் போடணுமா? படுக்கிறியா?" என்று கணவர் முடித்துவிடுவார். எல்லாம் அன்பால்தான். அதே அன்பால் அவளுடைய ராஜினாமாக் கடிதத்தையும் அவரே எழுதி, கையெழுத்து மட்டும் பாக்கி என்று மேசையில் வைத்திருந்தார். பதினாறு வருடம் சரக்குக் கிடங்கிலிருந்து லாரிகளை அனுப்பியவள் அவள். அவள் குரல் கேட்டால் நாற்பது ஓட்டுநர்களும் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

இந்த விளையாட்டு மட்டும் அவளை அவசரப்படுத்தவில்லை. அவள் பொத்தானை அழுத்தும்வரை அதில் ஒரு குதிரைகூட நகராது.

கொழுந்தனுக்குக் குதிரைகள் என்றால் உயிர். பன்னிரண்டாயிரம் பேரைத் திரட்டிக்கொண்டு மலையடிவாரத்தில் நின்றான். அவளோ வீரர்களை எண்ணவில்லை. அரிசி எந்த வழியாக வருகிறது என்று பார்த்தாள். வண்டியை அனுப்ப யாராலும் முடியும், அது திரும்பி வர வழி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் தொழில். அத்தனை பேருக்கும் சோறு ஒரே துறைமுகத்திலிருந்து, ஒரே கணவாய் வழியாக வந்துகொண்டிருந்தது.

இலையுதிர் காலத்தின் கடைசி நகர்த்தலில், முன்கோட்டையின் அரிசி அத்தனையையும் பின்கோட்டைக்கு மாற்றினாள். காவலுக்கு நின்றவர்களை ஆற்றுப் படகுகளில் ஏற்றிக் கடல் பக்கம் அனுப்பினாள். சுண்டுவிரல் நடுங்கியதில் ஒரு படகு திசை மாறியது; பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள்.

கொழுந்தன் சுவரைவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினான். ஒரே பாய்ச்சல். "கோட்டை விழுந்துடுச்சு! கதவத் திறந்தே போட்டுட்டீங்களே அண்ணி!"

"போதும்டா, விடு. அவளுக்குக் களைப்பா இருக்கும்" என்றார் கணவர்.

"இல்ல" என்றாள் அவள்.

அடுத்த சுற்றில் பனி கொட்டிக் கணவாயை மூடியது. பன்னிரண்டாயிரம் ஒன்பதாயிரமானது.

"இவனுங்க ஏன் சாகுறானுங்க?" கொழுந்தன் களஞ்சியத்தைத் திறந்து பார்த்தான். ஒரு மணி அரிசி இல்லை. அவசரமாகத் துறைமுகத்தைத் தேடினான். அங்கே நீலக் கொடி பறந்தது. ஐயாயிரம். பிறகு ஆயிரத்துச் சொச்சம். தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். "அண்ணா, இங்க வந்து பாரு! சோத்துல கை வச்சு என்னைக் கவுத்துட்டாங்க!" மகள் நாற்காலிமேல் ஏறி விசிலடித்தாள்.

அவள் மேசையிலிருந்த கடிதத்தை எடுத்து இரண்டாக மடித்தாள். "நான்... திங்..."

"திங்கக்கிழமை டாக்டர்கிட்ட..." என்று கணவர் தொடங்கினார்.

கொழுந்தன் கையை நீட்டி அவரைத் தடுத்தான். "இருண்ணா. இது அவங்க முறை."

அவள் நிதானமாக ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "திங்கக்கிழமை... நான்... வேலைக்குப் போறேன்."

"எத்தன மணிக்கு?" என்று கேட்டார் அவர். அதற்குமேல் எதுவும் சொல்லாமல் காத்திருந்தார்.

திரையில் சிவப்புப் படையின் தளபதி வாளைக் கழற்றி முன்னால் வைத்துவிட்டு, பனியில் மண்டியிட்டிருந்தான். அவன் தோள்மேல் பனி சேர்ந்துகொண்டே இருந்தது.