சிவப்புத் தெரியாத பிலிம்

நெளுக்குளத்து வீட்டு முற்றம் முழுக்கச் சாம்பல் நிறத் துணிகள் கிடந்தன. ஊமைப்படம் முதன்முதலில் வந்த காலத்தைப் பற்றிய நாடகம் ஒன்று வவுனியாவில் மேடையேற இருந்தது. மேடையே பழைய படம்போலத் தெரியவேண்டும் என்று ஏரம்பரின் மருமகள் சிவரூபி உடுப்புகளையெல்லாம் கறுப்பிலும் சாம்பலிலும் தைத்தாள். வெள்ளை வேட்டிகள் கண்ணைப் பறிக்காமலிருக்கத் தேயிலைச் சாயத்தில் தோய்ந்து கொடியில் தொங்கின.

ஏரம்பருக்கு இந்தக் கூத்தெல்லாம் பிடிப்பதில்லை. ஆனாலும் வாய் திறந்ததில்லை. மகன் சிவகரன் கடைசிப் போரில் காணாமல் போனவன். சிவரூபி இன்றைக்கும் குங்குமப் பொட்டோடுதான் வாசற்படலை தாண்டுவாள். அதைப்பற்றி ஒருவர் கதைக்க அவர் விட்டதில்லை.

அன்று அவள் அலுமாரியிலிருந்து தன் சிவப்புக் கலியாணக் கூறைச்சேலையை எடுத்துவந்து, கறுப்புச் சாய வாளிக்குப் பக்கத்துக் கதிரையில் விரித்தாள்.

ஏரம்பர் எழுந்துவிட்டார்.

"அதை உள்ளை வை, பிள்ளை."

"நாடகத்திலை ஒரு கலியாணம் வருது மாமா."

"வரட்டும். என்ரை மகன் குடுத்த கூறை கறுப்பாகாது. அவன் இல்லையெண்டு நீயே ஊருக்குச் சொல்லப் போறியோ?"

சிவரூபி அவரையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதைச் சாயத்திலை போட எனக்கென்ன விசரே? அந்தக் காலத்துப் பிலிமுக்குச் சிவப்புத் தெரியாது மாமா, கறுப்பாத்தான் விழும். சரிகை அதிலை எப்பிடி நிக்கும் எண்டு போனிலை அந்தப் பழைய பிலிம் மாதிரி எடுத்துப் பாக்கிறன். மேடைக்கு வேறை துணி."

எடுத்துக் காட்டினாள். கூறை கரிக்கட்டையாய்க் கிடந்தது. சரிகை மட்டும் வெள்ளையாய் ஓடியது. ஏரம்பர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"பாத்திட்டியோ?"

"ஓம்."

"அப்ப அழி. இந்த வீட்டிலை அப்பிடி ஒரு படம் இருக்கப்படாது."

அவர் முன்னாலேயே அழித்தாள். கூறையை மடிக்கும்போது அவள் கை நின்றது. சேலையை ஒருதரம் முகத்தோடு சேர்த்துப் பிடித்தாள். ஏரம்பர் வேட்டிக் கொடிப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

உள்ளே அலுமாரியடியில் அவள் பூச்சி உருண்டைப் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

"அதைப் போட்டிடாதை," என்றார் அவர், திரும்பாமலே. "அந்த மணம் அவனுக்கு ஒத்துவராது. தும்முவான்."

"எனக்குத் தெரியாதே மாமா? இது கீழ்த்தட்டுக்கு. கூறைக்கு வேப்பிலைதான் வைக்கிறனான்."