பக்கத்துக்குப் பொருத்து

போர்வையைத் தைத்து முடித்ததும் தன் அக்கா இருக்கும் ஊருக்குப் போய்விடுவதாக மனைவி சொன்னபோது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போய்விடுவது என்றால் ஒரேயடியாகத்தான். அங்கே ஒரு தையல் கூடத்தில் வேலை, அதன் பின்தெருவில் வாடகைக்கு ஓர் அறை, எல்லாம் பேசி முடித்துவிட்டாள். சண்டை எதுவும் இல்லை. சண்டை போடவாவது இருவருக்கும் நடுவில் கொஞ்சம் பேச்சு இருக்க வேண்டுமே. அவன் அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. வேலைக்குப் போவான், வருவான், சாப்பிடுவான், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பான். "உங்களவிட அந்த மேசையே தேவல, துணி வெட்டவாவது ஆகுது" என்று ஒருமுறை சொன்னாள். அவனும் சிரித்துவைத்தான். அது சிரிப்பதற்காகச் சொன்னதல்ல என்று இப்போதுதான் உறைத்தது.

"போர்வைய முடிச்சிட்டுத்தானா?" என்று கேட்டான். வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஆமா. அந்த ரூம்ல துணிய விரிச்சு வெட்ட இடமில்ல."

அவள் திரைச்சீலைக் கடையில் வேலை பார்த்தாள். கடையில் மிஞ்சும் துண்டுகளைச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைப்பது அவள் பழக்கம். படத்தைக் கட்டம் போட்ட தாளில்தான் வரைவாள். இந்தத் தடவை நட்சத்திரம் நட்சத்திரமாக வர வேண்டும் என்றாள். "கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா நல்லாருக்கும். அதுக்குன்னு சாப்ட்வேர் இருக்காம். எது நல்லதுன்னு எனக்கென்ன தெரியும்?"

அவன் அச்சகத்தில் பக்கங்களை அளவு பார்த்து மெஷினுக்கு அனுப்புகிறவன். எஃகு அளவுகோல் ஒன்று எப்போதும் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு மயிரிழை தவறினாலும் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவான் என்பதால் அங்கே அவனுக்கு ஸ்கேல் என்று பெயர். சாப்ட்வேர் என்றதும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தான்.

முதலில் இறக்கியது படம் போடுவதற்கு எளிதாக இருந்தது. ஆனால் அதில் இருக்கிற துணிகள்தான், நம் துணியைக் காட்ட வழியில்லை. இரண்டாவது எல்லாம் செய்தது, ஒவ்வொன்றுக்கும் பத்துப் பொத்தான் அமுக்கச் சொன்னது. மூன்றாவதில் கையிலுள்ள துணியைப் படம் பிடித்து உள்ளே போடலாம். அவள் நீலத்தில் வெள்ளைக் கோடு ஓடிய துணியைப் படம் எடுத்துத் தந்தாள். அவன் ஒரு தட்டுத் தட்டியதும் திரை முழுக்க நீல நட்சத்திரங்கள் விரிந்தன.

"அட" என்றாள்.

மறுநாள் முழுக்க அந்த 'அட' அவன் காதிலேயே இருந்தது.

"என்ன ஸ்கேலு, மூஞ்சில பல்பு எரியுது?" என்றான் மெஷின்காரன். "எங்களுக்குச் சொல்லாம உனக்கு மட்டும் சம்பளம் ஏத்திட்டாங்களா?"

"வீட்ல ஒரு டிசைன் வேல."

"அண்ணி வேலையா? அப்ப கூலியும் கெடையாது, லீவும் கெடையாது. மாட்டினடா மவனே!"

அவனுக்கு அந்த வேலை முடியக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். சாப்ட்வேர் முடிவானால் படம் முடியும், படம் முடிந்தால் போர்வை, போர்வை முடிந்தால் அவள் இல்லை. ஆகவே குறை கண்டுபிடித்தான். "இதுல நாலு பக்கமும் பார்டர் வேற வேற அளவுல வைக்க முடியாது."

"எனக்கு எதுக்கு வேற வேற அளவு?"

"வைக்கணும்னு தோணுச்சுன்னா?"

அவள் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி. வேற பாருங்க."

வேறு பார்த்தான். அதற்கும் வேறு பார்த்தான். சாயங்காலம் ஆனால் மேசை முன்னால் இரண்டு நாற்காலி. கோணம், மடிப்பு, தையலுக்கு எவ்வளவு விட வேண்டும் என்று ஓயாமல் பேசினான். இத்தனை வருடத்தில் அவ்வளவு பேசியதில்லை. கடைசியில் அவளே அந்த மூன்றாவதைத் திறந்து, "இதுவே போதும்" என்றாள்.

புதிதாகத் தொடங்கும்போது அது முதலில் கட்டில் அளவைக் கேட்டது. அவன் யோசிக்காமல் இரட்டைக் கட்டிலைத் தொட்டான். அவள் மவுஸை மெல்ல வாங்கி, ஒற்றைக் கட்டில் என்று மாற்றினாள்.

"அங்க கட்டில் சின்னது" என்றாள்.

படம் தயாரானது. துணி வெட்டுவதற்கான அச்சுகளைத் தாளில் எடுக்க வேண்டும். சதுரங்கள் ஒரு தாளில், முக்கோணங்கள் ஒரு தாளில். அளவு சரியா என்று பார்த்துக்கொள்ள ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஓர் அங்குலக் கட்டம் உண்டு. அச்சகத்தில் எடுத்துவருகிறேன் என்று அவன்தான் கொண்டுபோனான். அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்று ஒரு குறி விழுந்திருக்கும். அதை எடுக்காவிட்டால் மெஷின் எல்லாவற்றையும் ஒரு பொட்டு சுருக்கிவிடும். அந்தக் குறியை எடுக்க மறந்தவர்கள் எத்தனை பேரை அவன் வறுத்தெடுத்திருக்கிறான்.

சதுரத் தாளுக்குக் குறியை எடுத்தான். முக்கோணத் தாளுக்கு எடுக்கவில்லை. கை அதன்மேல் போய் நின்றது, பிறகு தாண்டிப் போனது. ஒரு வாரம் தள்ளிப்போகும், மறுபடி உட்கார்ந்து சரிபார்ப்போம் என்று நினைத்தான். துணியைப் பற்றி நினைக்கவில்லை.

அவள் வெட்டினாள், தைத்தாள். முனைகள் சேரவில்லை. பிரித்தாள், தைத்தாள், மறுபடி பிரித்தாள். ஊசிமுனை பட்டு விரலில் ரத்தம் வந்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"கண்ணு போயிடுச்சு போல" என்றாள் அவள். "கண்ணாடி மாத்தணும்."

"இருக்கும்" என்றான்.

மனிதன் எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதற்கு அந்த ஒரு சொல் போதும். அது அவனுக்கே தெரிந்தது. ஆனாலும் மாற்றிச் சொல்லவில்லை.

அடுத்த விடுமுறையன்று காலை, ஆணியில் தொங்கிய அவன் சட்டையிலிருந்து அவள் அளவுகோலை எடுத்தாள். சதுரத் தாளின் கட்டத்தை அளந்தாள். முக்கோணத் தாளின் கட்டத்தை அளந்தாள். இன்னொரு தடவை அளந்தாள்.

"பிரஸ்ல உங்கள என்னன்னு கூப்பிடுவாங்க?"

அவன் அவள் கையிலிருந்த அளவுகோலைப் பார்த்தான்.

"சொல்லுங்க."

"ஸ்கேலு."

"ம்" என்றாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தினால் தேவலாம் போலிருந்தது. அவள் வெட்டிய துண்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"அந்த நீலத் துணி இன்னும் இருக்கா?" என்றான்.

"இல்ல. அவ்வளவுதான் இருந்துச்சு."

"நான் புதுசா எடுத்துத் தர்றேன். வேற சாப்ட்வேர் ஒண்ணு…"

அவள் மடிக்கணினியை இழுத்துத் திறந்தாள். முக்கோணத்தை ஏற்கெனவே வெட்டிய அளவுக்குக் குறைத்தாள், அதற்கேற்பச் சதுரத்தைக் குறைத்தாள், குறைந்த அகலத்துக்கு ஓரத்தில் சாம்பல் துணியில் ஒரு பட்டை கொடுத்தாள். மவுஸை அதிகம் தொடக்கூட இல்லை. விரல்கள் விசைகளில் ஓடின. அவனுக்கே தெரியாத குறுக்குவழிகள்.

"இதெல்லாம் எப்பக் கத்துக்கிட்ட?"

"கடையில ஜன்னல் திரைக்கு மாடல் காட்டுறதே இந்த மாதிரி ஒண்ணுலதான். நாந்தான் காட்டுறேன். ரொம்ப நாளாச்சு."

"அப்புறம் எது நல்லதுன்னு எங்கிட்ட ஏன் கேட்ட?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போறேன்னு சொல்லியாச்சு. வெறுமனே உக்காந்திருந்தா நீங்க வாயத் தெறக்க மாட்டீங்க. ஏதாவது ஒண்ணக் கேட்டா, அத வச்சாவது பேசுவீங்கன்னு நெனச்சேன்."

"பேசினேனே."

"பேசினீங்க. சாப்ட்வேரப் பத்தி."

மேலே சுழன்ற மின்விசிறியின் காற்றில் தாள்கள் படபடத்துக்கொண்டிருந்தன. அவன் முக்கோணத் தாளை எடுத்து மடித்தான், பிரித்தான்.

"போகாதன்னு சொல்லியிருந்தா?"

"அப்பச் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியல." அவள் சேமிக்கும் விசையை அமுக்கினாள். "இப்பச் சொல்லாதீங்க."

அவன் சொல்லவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டான் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

புதிய தாள்களை அவள் தன் கடையிலேயே எடுத்துவந்தாள். முனைகள் கச்சிதமாகச் சேர்ந்தன. போர்வை முடிந்த மறுநாள் வண்டி வந்தது. பெட்டிகள் ஏறின, அவளும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். தையல் மெஷின் மட்டும் மாடியில் இருந்தது. நானே கொண்டுவருகிறேன் என்று அவன் தூக்கினான். பழைய இரும்பு, நல்ல கனம். படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, மிஷின் ரிப்பேரா?"

"ஆமாண்ணே."

"அடடா. எப்பத் திருப்பித் தர்றாங்களாம்?"

அவன் மெஷினை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லல" என்றான்.